கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க சாமி!

குற்றால சீசன் வந்தா மூணு விஷயம் தப்பாம வரும். சாரல், ரோட்டை அடைச்சு நிக்கிற வண்டி வரிசை, அப்புறம் ஒரு தீர்ப்பு: "ஆட்டோமேட்டிக் வண்டி நம்ம மலைக்கு ஆகாது." புளியரை மேட்டுல ஒரு கார் இழுக்காம நின்னா போதும், டீக்கடையில இருந்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் எல்லாரும் நீதிபதி ஆயிடுறாங்க. ஒர்க்‌ஷாப்ல தண்டனையும் சேர்த்தே சொல்லிடுவாங்க: "கியர்பாக்ஸ் போச்சு. அசெம்பிளியா மாத்தணும்."

இந்தத் தீர்ப்புக்கு எதிரா அப்பீல் பண்ணத்தான் இந்தப் பதிவு. டாக்டர்கிட்ட போனா "உடம்பு கெட்டுப்போச்சு, மாத்திடலாம்"னு சொன்னா ஒத்துக்குவீங்களா? வண்டிக்கு மட்டும் ஏன் ஒத்துக்கிறீங்க?

முதல் சாட்சியை அமெரிக்காவுல இருந்து கூப்பிடுறேன். 1973ல இருந்து 1978 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஜி.எம்.சி. மோட்டார்ஹோம்னு ஒரு வண்டி தயாரிச்சாங்க. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கிற சக்கரம் வச்ச வீடு. 23 அடி, 26 அடின்னு ரெண்டு அளவு. சாமான் ஏத்தினா சுமார் 5 டன். ஆரம்பத்துல 7.5 லிட்டர் எஞ்சின், கூடவே மூணே கியர் இருக்கிற 'டர்போ ஹைட்ரமேட்டிக் 425' ஆட்டோமேட்டிக் பாக்ஸ். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. இந்த வண்டிகள்ல பல இன்னிக்கும் ஓடுது. ராக்கி மலையில 3,000 மீட்டருக்கு மேல போற ரோடெல்லாம் இருக்கு. நம்ம ஆரியங்காவு கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தாழ்வான கணவாய்கள்ல ஒண்ணு. 1904லயே அது வழியா ரயில் விட்டாச்சு. 5 டன் வீட்டைச் சுமந்துக்கிட்டு அந்த மலை ஏறுற ஆட்டோமேட்டிக்குக்கு நம்ம புளியரை ஏற்றம் ஆகாதா? என்னவே நியாயம் இது!

அந்தப் பழைய வண்டிக்காரங்ககிட்ட நாம கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பாக்ஸை இறக்குறது அவங்களுக்குக் கடைசி வேலை. அதுக்கு முன்னாடி வரிசையா ஒரு சோதனை உண்டு.

ஒண்ணு, ஆயில் அளவு. சமதளத்துல நிறுத்தி, பாக்ஸ் நல்லா சூடானப்புறம், எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும்போது, 'பி'யில போட்டு டிப்ஸ்டிக் எடுக்கணும். இது ஜி.எம். வழக்கம். அதே காலத்து டாட்ஜ் மோட்டார்ஹோம்ல வர்ற டார்க்ஃபிளைட் பாக்ஸுக்கு 'என்'ல போட்டுப் பார்க்கணும். மாசக்கணக்கா நின்ன வண்டியில டார்க் கன்வர்ட்டர்ல இருக்கிற ஆயில் கீழ சம்ப்புக்கு இறங்கிடும். எஞ்சினை அணைச்சுட்டு பார்த்தா அளவு அதிகமா காட்டும். "ஆயில் ஓவரா இருக்கு"ன்னு கொஞ்சம் இறக்கிவிட்டீங்கன்னா, நல்லா இருந்த பாக்ஸை நீங்களே கெடுத்த மாதிரி.

ரெண்டு, நிறமும் வாசமும். சிவப்பா இருந்தா நல்லது. காபி கலராகி கருகின வாசம் அடிச்சா உள்ள கிளட்ச் பிளேட் தீஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ரோஸ் மில்க் மாதிரி இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற ஆயில் கூலர் ஓட்டையாகி தண்ணி கலந்திருக்கு.

மூணு, ஆயில் எங்க போகுது? வண்டிக்குக் கீழ ஒரு சொட்டு இல்லை, ஆனா அளவு குறையுது, சைலன்சர்ல வெள்ளைப் புகை வருது. இது எஞ்சின் வேலைன்னு முடிவு பண்ணாதீங்க. இந்த மாதிரி பழைய பாக்ஸ்ல 'வேக்குவம் மாடுலேட்டர்'னு கைக்கு அடக்கமான ஒரு டப்பா வெளிப்பக்கமாவே இருக்கும். அதுக்குள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சா, கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிச்சிடும். ஹோஸைக் கழட்டிப் பார்த்தா உள்ள சிவப்பு ஆயில் நிக்கும். அவ்ளோதான் சோதனை! ஹோஸ்ல வெடிப்பு இருந்தாலே கியர் லேட்டா, 'டொக்'குன்னு அடிச்சு மாறும். ஒரு சின்ன ரப்பர் ஹோஸுக்காக முழு பாக்ஸையும் இறக்கினா அதுக்குப் பேரு ரிப்பேரா?

நாலு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சும் கியர் இறங்கலையா? இந்த 425 பாக்ஸ்ல அது மின்சாரத்துல நடக்கிற வேலை. மொதல்ல பெடல்கிட்ட இருக்கிற ஸ்விட்சையும் ஒயரையும் பாருங்க.

அஞ்சு, சம்ப்பைக் கழட்டி ஃபில்டரைப் பாருங்க. அடியில கொஞ்சம் சாம்பல் நிறப் பசை இருந்தா வழக்கமான தேய்மானம். இரும்புத் துகளும் கிளட்ச் தூளும் குவிஞ்சு கிடந்தாத்தான் பாக்ஸைத் திறக்கிற நேரம் வந்திருக்கு.

"அதெல்லாம் 50 வருஷப் பழைய வண்டி, நம்ம காருக்கு என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. பாகங்கள் மாறியிருக்கு, வரிசை மாறலை. சொல்லப்போனா இப்போ குழப்பம் ஜாஸ்தி. 2014ல மாருதி செலேரியோ கொண்டு வந்த ஏ.எம்.டி.ங்கறது சாதாரண கியர்பாக்ஸ்தான்; கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலா ஒரு மெஷின் போடுது. சி.வி.டி.யில பெல்ட்டும் புல்லியும். அதுக்குத் தனி ஆயில்; வேற ஆயிலை ஊத்தினா பாக்ஸுக்குச் சங்குதான். இது அத்தனைக்கும் நம்மூர்ல ஒரே பேரு, "ஆட்டோமேட்டிக்". ஐந்தருவி ரோட்டு நெரிசல்ல பிரேக் பிடிக்காம, ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சே ஏ.எம்.டி. வண்டியை மேட்டுல நிறுத்தி வைப்பாங்க. தேயுறது கிளட்ச், பழி கியர்பாக்ஸுக்கு. கோட்டைவாசல்ல இருந்து புளியரை எஸ் வளைவு வரைக்கும் 'டி'யிலயே விட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குவாங்க. அந்த 'எல்'லும் '2'ம் எதுக்கு எழுதி வச்சிருக்கான்? அழகுக்கா?

எங்க சித்தப்பா செகண்ட்ஸ்ல வாங்கின ஒரு ஆட்டோமேட்டிக் காரை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டப்போ, பானெட்டைக்கூடத் திறக்காம ஒண்ணேகால் லட்சம்னு சொன்னாங்க. அவரு ஒரு வருஷமா சேர்த்த காசு அவ்வளவு வராது. கடைசியில தெருவோரமா கடை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி கீழ படுத்துப் பார்த்தாரு. கூலருக்குப் போற ஹோஸ்ல கசிவு. ஹோஸ், கிளாம்ப், ஆயில், அரை நாள் வேலை. வண்டி இன்னும் ஓடுது.

ஒர்க்‌ஷாப்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போறது சுலபம். நாமளும் யோக்கியம் இல்லையே. அரை மணி நேரம் படுத்துப் பார்த்து "ஹோஸ்தான்"னு சொல்ற மெக்கானிக்குக்கு நாம என்ன குடுக்கிறோம்? "பார்த்ததுக்கெல்லாமா காசு?"ன்னு கேக்குறோம். பார்க்கிறதுக்குக் கூலி இல்லைன்னா அவரு மாத்துறதுலதானே சம்பாதிக்கணும்? 500 ரூபாய் குடுக்க மனசில்லாத ஊரு, ஒண்ணேகால் லட்சம் குடுக்குது.

கார் கம்பெனிகளையும் விடக்கூடாது. பல வண்டில டிப்ஸ்டிக்கையே எடுத்துட்டாங்க. கேட்டா "ஆயுள் முழுக்க ஆயில் மாத்த வேண்டாம்"னு பதில். யாரோட ஆயுள்? ஆயில் சூட்டுல கெடும்; சூடு 10 டிகிரி கூடினா அதோட ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்ங்கறது பொதுவான கணக்கு. வாரண்டி முடியுற வரைக்கும்தான் அந்த 'ஆயுள்'னு எனக்குத் தோணுது.

நம்ம கிளாஸ் மக்களுக்கு ஒரு வார்த்தை. எபிசைக்ளிக் கியர் கணக்கைப் பெரிய மார்க் கேள்வின்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்றோம். அந்த கியர் மிதக்கிற ஆயிலை நம்மள்ல எத்தனை பேர் மோந்து பார்த்திருக்கோம்?

அடுத்த தடவை யாராவது "கியர்பாக்ஸ் போச்சு"ன்னா மூணு கேள்வி கேளுங்க. ஆயில் அளவு என்ன? வாசம் எப்படி? என்ன சோதனை பண்ணி இந்த முடிவுக்கு வந்தீங்க? ஒழுங்கா பதில் சொன்னா அதுக்குத் தனியா காசு குடுங்க. பதில் இல்லைன்னா சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

"இல்லவே, மலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகவே ஆகாது"ங்கறவங்க தாராளமா சண்டைக்கு வரலாம். ஆனா டிப்ஸ்டிக்கைப் பார்த்துட்டு வாங்க :-)