கால் செகண்ட் கணக்கு!

"ஏன்டா தம்பி, ஒட்டடைன்னா வீட்டுக்குள்ள அடிக்கணும். வானத்துல எங்கடா ஒட்டடை இருக்கு?"

வேங்கிக்கால்ல எங்க வீட்டு மொட்டை மாடி. கையில மூங்கில் கம்பை வெச்சு நான் சுத்திட்டு இருந்தப்போ, பக்கத்து மாடியில வடாம் காய வெச்சுட்டு இருந்த ஆயா கேட்ட கேள்வி இது. "கோல்ஃப் பிராக்டீஸ் ஆயா"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "பரீட்சை எப்போ?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

அவங்க சந்தேகம் நியாயம்தான் ஃப்ரெண்ட்ஸ்! நம்ம ஏரியாவுல கலெக்டர் ஆபீஸ் இருக்கு, ஏரி இருக்கு, பௌர்ணமி வந்தா ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கு. கோல்ஃப் மைதானம் மட்டும் கிடையாது. அதெல்லாம் கொடைக்கானல், ஊட்டி மாதிரி மலை ஊர்ல வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சு வெச்ச ஆட்டம். கொடைக்கானல் கிளப் 1895-லயே வந்தாச்சு. அப்புறம் எனக்கு எதுக்கு இந்த வேலை?

காரணம், ஒரு கணக்கு. மெக்கானிக்ஸ் பேப்பருக்குப் படிக்கும்போது மாட்டுச்சு.

கோல்ஃப்ல ஸ்டிக்கைப் பின்னால தூக்கி, கீழே இறக்கி, பந்தை அடிக்கிறதுக்குப் பேர் ஸ்விங். நல்ல ஆட்டக்காரருக்கு அந்த இறக்கம் மட்டும் கிட்டத்தட்ட கால் செகண்ட். ஸ்டிக் பந்தைத் தொட்டுட்டு இருக்கிற நேரம் ஒரு செகண்டுல சுமார் 2,000-ல ஒரு பங்கு! ஆனா, ஒண்ணைப் பார்த்து 'ஐயோ தப்பு'ன்னு மூளை உணர்ந்து கையை மாத்தவே சுமார் 0.2 செகண்ட் ஆகும். அதாவது, கீழே இறங்க ஆரம்பிச்ச ஸ்டிக்கை நடுவழியில யோசிச்சுத் திருத்த முடியாது. நீங்க நினைக்கும்போது பந்து போயிட்டிருக்கும். எங்க போகும்ங்கிறது அதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கும்.

அப்போ எப்பத் திருத்துறது? முன்னாடியே. அதுக்குத்தான் 'டிரில்'. ஆனா டிரில்னா நூறு பந்தை வெறித்தனமா அடிக்கிறது இல்ல பாஸ். ஒரே ஒரு தப்பைத் தனியாப் பிரிச்சு, அது நடந்துச்சா இல்லையான்னு உடனே காட்டிக் கொடுக்கிற ஒரு சின்ன ஏற்பாடு. லேப்ல மத்ததை எல்லாம் மாறாம வெச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கிறோமே, அதே கதை!

குச்சி, துண்டு, கோலமாவு

1. விஷ்ஷ்ஷ்: கோச்சுங்க ஸ்டிக்கைத் தலைகீழாப் பிடிக்கச் சொல்வாங்க. நமக்கு மெல்லிசான மூங்கில் கம்பே போதும். வேகமா வீசினா 'விஷ்'னு சத்தம் வரும். வலது கைக்காரருக்கு அந்தச் சத்தம் பந்து இருக்க வேண்டிய இடத்துலயோ, அதைத் தாண்டி இடது பக்கத்துலயோதான் பலமாக் கேட்கணும். வலது காதுகிட்டயே கேட்டா, வேகத்தை முன்கூட்டியே செலவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். 1968-ல காக்ரன், ஸ்டாப்ஸ்னு ரெண்டு பேர் எழுதின புத்தகம் ஸ்விங்கை 'இரட்டை ஊசல்'னு விளக்குச்சு. கை ஒரு ஊசல், ஸ்டிக் இன்னொரு ஊசல், நடுவுல மணிக்கட்டுதான் கீல். அந்தக் கீல் லேட்டாத் திறந்தாத்தான் ஸ்டிக்கோட முனைக்கு முழு வேகம் போய்ச் சேரும். சத்தம் சொல்றது அதைத்தான்.

2. ஒட்டின கால்: ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு மெதுவா வீசுங்க. உடம்பைத் தூக்கிப் போட்டு அடிக்கிற ஆளா இருந்தா உடனே தள்ளாடுவீங்க. யாரும் திட்ட வேண்டாம், கீழே பார்த்தாலே போதும்!

3. துண்டு: ஒரு துண்டை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, ரெண்டு அக்குள்லயும் இடுக்கிட்டு அரை ஸ்விங் மட்டும் பண்ணுங்க. துண்டு விழுந்தா, உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகுதுன்னு அர்த்தம்.

4. கோலமாவு: காலி மண் தரையில ஒரு கோடு போட்டு, கோடு ரெண்டு காலுக்கும் நடுவுல வர்ற மாதிரி நில்லுங்க. பழைய ஹாக்கி ஸ்டிக் இருந்தா எடுத்துக்கங்க. மண்ணை லேசாத் தொடுற மாதிரி வீசுங்க. தடம் கோட்டு மேலயோ, பந்து போக வேண்டிய பக்கத்துலயோ இருந்தா ஓகே. கோட்டுக்குப் பின்னாடி இருந்தா, நிஜ ஆட்டத்துல பந்துக்கு முன்னால மண்ணைத்தான் அடிச்சிருப்பீங்க!

5. ஒண்ணு, ரெண்டு, மூணு... டக்: 2004-ல ஜான் நோவோசெல்ங்கிறவர் ஒரு புத்தகத்துல சொன்ன விஷயம், டாப் ஆட்டக்காரர்கள் பின்னால தூக்க எடுத்துக்கிற நேரம், கீழே இறக்குற நேரத்தைப் போல மூணு மடங்கு. மனசுக்குள்ள மூணு எண்ணித் தூக்கி, ஒண்ணுல இறக்குங்க.

செல்போன்ல எடுத்தும் பார்க்கலாம். சாதாரண வீடியோவுல (செகண்டுக்கு 30 ஃப்ரேம்) அந்தக் கால் செகண்டுக்கு ஏழெட்டுப் படம்தான் கிடைக்கும். ஸ்லோமோஷன்ல 240 ஃப்ரேம் வெச்சா 60 படம்! ஒரே கண்டிஷன்: சுத்திலும் யாரும் இல்லைன்னு பார்த்துட்டு வீசுங்க. வடாம் காயற மாடிப் பக்கம் நோ!

'கேடி' பசங்க!

"இதெல்லாம் காசுக்காரங்க ஆட்டம் மச்சி"ன்னு ஹாஸ்டல் பையன் ஒருத்தன் சிரிச்சான். அவனுக்காக ரெண்டு பேரைச் சொல்றேன்.

கோல்ஃப்ல பை தூக்கிட்டுக் கூடவே நடக்கிறவருக்குப் பேர் கேடி (நம்ம போலீஸ் ஸ்டேஷன் போர்டுல இருக்கிற கேடி இல்ல பாஸ்!). பெங்களூருல கேடியா இருந்தவர் சின்னசாமி முனியப்பா. 2009-ல இந்தியன் ஓபன் பட்டத்தையே ஜெயிச்சார், அதுவும் பிளேஆஃப்ல கொரியாக்காரர் ஒருத்தரைத் தோற்கடிச்சு.

இன்னொருத்தர் எஸ்.எஸ்.பி.சௌராசியா. 1829-ல ஆரம்பிச்ச ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்ல அவரோட அப்பா புல்தரை பராமரிக்கிற ஊழியர். அங்கேயே கேடியா இருந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கத்துக்கிட்டவர். 2008-ல டெல்லியில இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். 2015 இந்தியன் ஓபன்ல அனிர்பன் லாஹிரிகிட்ட பிளேஆஃப்ல தோத்தார். விட்டாரா? 2016-ல ஜெயிச்சார், 2017-லயும் ஜெயிச்சார்!

இங்கே ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். ரெண்டு பேருக்கும் பக்கத்துலயே மைதானம் இருந்துச்சு. நமக்கு இல்ல. மொட்டை மாடியில கம்பு சுத்தி யாரும் இந்தியன் ஓபன் ஜெயிக்க முடியாது. புல்லு, மணல், சரிவு, காத்து எல்லாம் மைதானத்துல மட்டும்தான் கத்துக்க முடியும். ஆனா மணிக்கட்டு எப்போ திறக்குது, கால் தள்ளாடுதா, தடம் எங்க விழுதுங்கிறதுக்கு எந்த கிளப் மெம்பர்ஷிப்பும் வேணாம். 'வசதி இல்லை'ங்கிறது பாதி நிஜம். மீதிப் பாதி நாம சொல்லிக்கிற சாக்கு. எது எந்தப் பாதின்னு பிரிக்கத் தெரிஞ்சா போதும்.

மாத்தி மாத்தி அடி!

கடைசியா ஒண்ணு. 1979-ல ஷே, மார்கன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு கோஷ்டிக்கு மூணு விதமான கை அசைவுகளை ஒண்ணொண்ணா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போற மாதிரி பயிற்சி. இன்னொரு கோஷ்டிக்கு மூணையும் கலந்து கட்டி. பயிற்சி நேரத்துல முதல் கோஷ்டிதான் சூப்பர். ஆனா பத்து நாள் கழிச்சு டெஸ்ட் வெச்சா, கலந்து கட்டினவங்க முன்னால நின்னாங்க!

அதனால முதல்ல ஒரு டிரில்லைப் பிடிச்சுத் தப்பைக் கண்டுபிடிங்க. பிடிபட்டதும் அஞ்சையும் கலந்து பண்ணுங்க. பிராக்டீஸ்ல சொதப்புற மாதிரிதான் தெரியும், கண்டுக்காதீங்க. (ஒரே யூனிட்டை ராத்திரி பூரா படிச்சுட்டு, ஹால்ல அஞ்சு யூனிட்டும் கலந்து வரும்போது முழிக்கிறோமே... ஞாபகம் வருதா?)

ஒரு அடியில என்ன ஆயிடப் போகுதுன்னு கேட்கலாம். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம அதிதி அசோக், அவங்க அம்மாவே பை தூக்கி வர, நாலு நாள் 72 குழி ஆடினாங்க. நாலாவது இடம். வெள்ளி, வெண்கலத்துக்கான பிளேஆஃப்ல நுழைய எத்தனை அடி குறைச்சல் தெரியுமா? ஒண்ணே ஒண்ணு!

மாடிக்கு வருவோம். எனக்கு 15 நாள் ஆச்சு. முதல் நாள் பத்துக்குப் பத்தும் வலது காதுகிட்டயே 'விஷ்'. நேத்து பத்துல ஆறு இடது பக்கம் கேட்டுச்சு. மீதி நாலு இன்னும் காதுகிட்டதான். நிஜ கோல்ஃப் பந்தை இன்னும் ஒரு தடவைகூட அடிச்சது இல்ல. என்னிக்காவது யாராவது கையில ஸ்டிக்கைக் கொடுத்தா, பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

ஆயா இன்னும் கேட்டுட்டே இருக்காங்க, "பரீட்சை எப்போ?"ன்னு. அடுத்த வாரம் ஆயா, அடுத்த வாரம்!