சின்சேயிடம் போனதை மருத்துவரிடமும் சொல்வோம்

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" நம்மில் பலர் தயங்காமல் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டிலோ சீன மருந்துக் கடையில் கட்டிக்கொடுத்த மூலிகைப் பொட்டலம் பாதி தீர்ந்திருக்கும். அல்லது மறுநாள் மாலை சின்சே எனப்படும் சீன மருத்துவரிடம் அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ள நேரம் குறித்து வைத்திருப்போம். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. மூலிகையை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். சொன்னால் மருத்துவர் முகம் சுளிப்பாரோ என்ற கூச்சமும் கொஞ்சம் உண்டு.

மன உளைச்சலுக்கும் பதற்றத்துக்கும் துணை தேடுவோர் சிங்கப்பூரில் குறைவில்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய மக்கள் சுகாதார ஆய்வில், மனநலம் சரியில்லாத நிலையில் இருந்த பெரியவர்கள் 17 விழுக்காடு. 18 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் அது ஏறக்குறைய நான்கில் ஒருவர். இவர்கள் எல்லாரும் மனநல மருத்துவரிடம் போவதில்லை. "தூக்கம் வரவில்லை", "நெஞ்சு படபடக்கிறது", "வயிறு சரியில்லை" என்று சொல்லிச் சின்சேயின் வாசலை மிதிப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. அங்கே மனநோய் என்ற பெயர் ஒட்டுவதில்லை.

சீன மருத்துவம் இந்நாட்டுக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. தோங் சாய் மருத்துவ நிலையம் 1867இல் தொடங்கியது. இனம், சமயம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த இடம் அது. இயூ டோங் சென் ஸ்திரீட்டில் அது முன்பு இயங்கிய கட்டடம் இன்று தேசிய நினைவுச் சின்னம். 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சீன மருத்துவத்துக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. சில பொது மருத்துவமனைகளிலும் அக்குபங்சர் சிகிச்சை கிடைக்கிறது. ஆக, இதை ஏற்பதா விலக்குவதா என்ற விவாதம் இங்கே ஓரளவு முடிந்துவிட்டது. பதற்றத்தால் தவிக்கும் ஒருவர் இரண்டு மருத்துவத்தையும் எப்படிப் பாதுகாப்பாகச் சேர்த்துக்கொள்வது என்பதே மீதமுள்ள கேள்வி.

சின்சே என்ன செய்கிறார்? இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், பசி, தூக்கம், மலம், கோபம் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரை அறிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மனம் இதயத்தில் குடியிருக்கிறது, உயிராற்றலான 'சி' தடையின்றி ஓடக் கல்லீரல் உதவுகிறது, கவலையும் அடக்கிய கோபமும் அந்த ஓட்டத்தை முடக்குகின்றன என்பது அம்மருத்துவத்தின் பார்வை. அதற்கேற்ப மணிக்கட்டிலும் புருவ நடுவிலும் ஊசி, காலையில் தைச்சி உடற்பயிற்சி, கூடவே கஷாயம். தூக்கமின்மைக்குத் தரும் 'சுவான் ஸாவோ ரென்' நம் இலந்தைக்கு உறவான ஒரு செடியின் விதை. அதிமதுரம், கோதுமை, சிவப்பு இலந்தை மூன்றையும் கொதிக்கவைக்கும் ஒரு கஷாயம், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாங் சோங்சிங்கின் நூலிலிருந்து வருகிறது.

இதனால் பலன் உண்டு என்போர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாரோ ஒருவர் அவசரப்படாமல் உட்கார்ந்து விசாரிப்பதே பாதிப் பாரத்தை இறக்கும். ஊசி போட்டு அரைமணி நேரம் படுத்திருக்கும்போது கைப்பேசி கையில் இல்லை. தைச்சி உடலை அசைக்கிறது, மூச்சைச் சீராக்குகிறது, அண்டை வீட்டாரோடு நம்மை நிற்க வைக்கிறது. பதற்றம் உள்ளவருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

எச்சரிக்கை செய்வோரின் வாதத்தையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும். பதற்றத்துக்கான அக்குபங்சர் ஆய்வுகளில் பல சிறியவை. உண்மையான ஊசியும் தோலுக்குள் இறங்காத போலி ஊசியும் ஒப்பிடப்படும்போது வித்தியாசம் சில சமயம் குறைவாகவே தெரிகிறது. மூலிகைகள் பற்றிய ஆய்வுகளிலும் குறுகிய காலமே நடந்தவை அதிகம். பேச்சுவழி உளசிகிச்சைக்கும் சில மருந்துகளுக்கும் உள்ள அளவு வலுவான சான்று இவற்றுக்கு இன்னும் சேரவில்லை. இன்னொன்றும் உண்டு. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கு பிசகினாலும் பதற்றம் போலவே தோன்றும். ரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்புப் பதிவும் இல்லாமல் அதை நாடியில் மட்டும் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூலிகை இயற்கையானது, கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். மன அழுத்தத்துக்கு அதிகம் தரப்படும் 'சியாவ் யாவ் சான்' என்ற கலவையில் அதிமதுரமும் 'தாங் குவே' வேரும் இருக்கின்றன. அதிமதுரம் நீண்ட நாள் உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். தாங் குவே, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்ளும் முதியவருக்கு ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். மனத்தை அமைதிப்படுத்தும் என்று பழைய நூல்கள் சொன்ன சில மாத்திரைகளில் சாதிலிங்கம், அதாவது பாதரசக் கூட்டுப்பொருள், இருந்தது. இன்று சிங்கப்பூரில் விற்கும் தயார்நிலைச் சீன மருந்துகளில் பாதரசம் பத்து லட்சத்தில் 0.5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த விதி இணையத்திலோ பயணத்திலோ வாங்கிவரும் டப்பாக்களைக் காக்காது. இது சீன மருந்துக்கு மட்டும் உரிய குறை அன்று. மன உளைச்சலுக்கென்று நம்மவர்கள் வாங்கும் அமுக்கராவும் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம், தைராய்டு அளவை மாற்றலாம். சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு இங்கே சீன மருத்துவர்களுக்கு உள்ளது போன்ற சட்டப்பூர்வப் பதிவும் இல்லை. ஆகவே நம் வீட்டுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கஷாயம் குடித்தபின் கொஞ்சம் தெளிவு வந்ததும் மனநல மருந்தைத் தானாக நிறுத்திவிடுவது. சில தூக்க, பதற்ற மாத்திரைகளைப் பல மாதம் எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். மன அழுத்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினாலும் தலைச்சுற்றலும் பதற்றமும் திரும்பி வரும். குறைக்க விரும்புவதில் தவறே இல்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டு தரப்பும் இறங்கி வந்து ஒரு சிக்கலைத் தீர்த்த முன்னுதாரணம் இந்நாட்டிலேயே இருக்கிறது. ஹுவாங் லியன் என்ற கசப்பு மூலிகையில் பெர்பரின் என்ற பொருள் உண்டு. 'ஜி6பிடி' நொதிக் குறைபாடுள்ள சிசுக்களுக்கு அது கடும் மஞ்சள் காமாலையைத் தரும் என்ற அச்சத்தில் 1978இல் அதற்குத் தடை வந்தது. சீன மருத்துவர்கள் தடையை மதித்தார்கள், ஆனால் மறுஆய்வு கேட்பதை விடவில்லை. அதிகாரிகள் சான்றுகளைத் திரும்பப் பார்த்து, 2013இல் அம்மூலிகை மீதான தடையை நீக்கினார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அக்குறைபாட்டுப் பரிசோதனை இங்கே வழக்கமாகிவிட்டது. அவசரமும் அவமதிப்பும் இல்லாமல் நடந்த வேலை இது.

மன உளைச்சல் விஷயத்திலும் அப்படி ஒரு பொது இணக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றே நம்புகிறோம். லேசான, நடுத்தரமான உளைச்சலுக்கு அக்குபங்சரும் தைச்சியும் துணையாக இருக்கட்டும். அன்றாட வேலையே முடங்கும் அளவு பதற்றம் இருந்தால் மருத்துவரும் மனநல ஆலோசகரும் முதலில் வரட்டும், மற்றவை பக்கத்தில் நிற்கட்டும். இதில் ஒவ்வொருவருக்கும் சின்னதாக ஒரு கடமை. மருத்துவர் அந்தப் பழைய கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம்: "சின்சேயிடம் போகிறீர்களா? மூலிகை ஏதும் குடிக்கிறீர்களா?" முகம் மாறாமல் கேட்டால் பதில் தானாக வரும். சின்சே, நோயாளி எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தற்கொலை எண்ணமோ கடும் எடையிழப்போ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பலாம். நல்ல சின்சேக்கள் பலர் இதை ஏற்கெனவே செய்கிறார்கள்.

தமிழ் நோயாளிகளுக்கு மொழி ஒரு தடை. மருந்துச்சீட்டு சீன எழுத்தில் இருக்கும், பொட்டலத்தில் பெயரே இருக்காது. மூலிகைகளின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள். அது உங்கள் உரிமை, கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் கூடப் போய் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சின்சே பதிவு பெற்றவரா என்பதைச் சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் ஓரிரு நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

தனியாக மனம் தாங்கவில்லை என்று தோன்றும் இரவுகளில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. மற்ற நாள்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, சீன மருந்து, நாட்டு மருந்து, இணையத்தில் வாங்கியது என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வையுங்கள். சின்சேயிடம் போகும்போதும் அதே பையைக் கொண்டு போங்கள்.