கருவாடு பொய் சொல்வதில்லை

நன்னீர் என்னும் பொருள்படும் பெயர் பூண்டது ஆயர் தாவார். கடல் அதன் வாயிலில் இல்லை. எனினும் லுமுட், பந்தாய் ரெமிஸ் கரைகளில் இறங்கும் மீன் தொலைவிலன்று. அம்மீனின் ஆயுளை மருந்தாலும் உறையாலும் நீட்டலாம் என்பார் உளர். பொருள் வீணாகாது, ஏழைக்கு விலை குறையும் என்பது அவர்தம் வாதம். கேட்க இனிக்கும் இவ்வாதம் ஆராயத்தக்கது.

மீனைப் பதப்படுத்துவது பழியன்று. நெய்தல் நில மக்கள் அதனை உப்பிட்டு உலர்த்தினர். பங்கோர்த் தீவின் நெத்திலிக் கருவாடு பேர்பெற்றது. ஆயின் கருவாடு தன்னைப் பச்சை மீன் என்று கூறிக்கொள்வதில்லை. அதன் உப்பும் மணமுமே அதன் வரலாற்றை உரைத்துவிடும். ஃபார்மலின் இட்ட மீனோ, நாட்பட்ட பின்னும் விறைத்து நின்று புதுமீனாக நடிக்கும். 2018 ஜூன் மாதம் கேரள அரசின் ‘சாகர் ராணி’ சோதனையில் அத்தகைய மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிப்பது என்பது உலகறிந்த உண்மை. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிகளும் அதனை மீனில் சேர்க்க இடந்தரவில்லை.

காற்று நீக்கிய உறை தீதற்றதன்றோ எனின், அங்கும் ஒரு சூது உண்டு. நாறச் செய்யும் கிருமிகள் அதனுள் அடங்கும். ஆனால் காற்றில்லா இடத்தை விரும்பும் போட்டுலினம் கிருமியின் ஒரு வகை, 3.3 பாகை செல்சியசிலேயே வளர்ந்து நஞ்சு கக்கவல்லது. நாற்றமென்னும் எச்சரிக்கை மறைகிறது; ஆபத்து மறையவில்லை. தோட்டத்துச் சமையலில் நீங்கா இடம்பெற்ற கெம்போங் மீன் குளிர் குறைந்து கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். கொதிக்கும் குழம்பும் அதனை அழிக்காது.

மீனுக்கு முதல் மருந்து பனிக்கட்டியே. பிடித்த படகிலேயே பனியிட்டு, வண்டியிலும் கடையிலும் அது குறையாமல் காத்தால், வெப்பமண்டல மீன் பலவும் ஒரு வாரத்திற்கு மேலும் உண்ணத்தக்கனவாய் இருக்கும். சட்டம் ஏற்கும் மருந்தும் உறையும் பனிக்குத் துணையாகலாம். பனியின் இடத்தைப் பிடித்தல் ஆகாது. பனிக்கட்டிக்குச் செலவிட மனமில்லாதான் மருந்தைத் தேடுவது ஏழையின் பொருட்டன்று; தன் பையின் பொருட்டே.

செவுளின் செம்மையையும் கண்ணின் தெளிவையும் காணப் பள்ளிகள் பயிற்றட்டும். அதனினும் மேலாக, “இம்மீன் எத்தனை நாள் பனியில் இருந்தது?” என்று கடைமுன் நின்று கேட்கும் துணிவைப் பயிற்றட்டும். விடை கூற அஞ்சுகின்ற வணிகனிடம் மீன் வாங்குவதினும், உண்மை கூறும் கருவாட்டை வாங்குவது மேல்.