உபவாசமும் குடலின் சிற்றுயிர்களும்



கடந்த வெள்ளியன்று உபவாச ஜெபம் முடிந்தபின், வாலிபர் ஒருவர் தம் கைபேசிக்கு வந்த செய்தியொன்றைக் காட்டினார். உபவாசித்தால் குடலிலுள்ள கெட்ட கிருமிகளெல்லாம் அழிந்து சரீரம் சுத்தமாகிவிடுமாம். "ஐயா, இதைப் பிரசங்கத்தில் சொல்லலாமே" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்தான். நாம் உணவை நிறுத்தினால், நார்ச்சத்தை நம்பியிருக்கும் இனங்கள் பட்டினி கிடக்கின்றன. குடற்சுவர் சுரக்கும் சளியை உண்ணத்தக்கவை தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே முதலில் குறைபவை பெரும்பாலும் நமக்கு நன்மை செய்பவையே!

ஜெர்மனியில் ஆரோக்கியமான ஆண்கள் 15 பேர் 10 நாள் உபவாசித்த ஆய்வு 2019இல் வெளியானது. தாவர உணவைச் சிதைக்கும் பாக்டீரியாக் குடும்பங்கள் அவர்களிடம் குறைந்தன, ஈ.கோலை போன்றவை பெருகின. 3 மாதங்களுக்குப்பின் எல்லாம் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பின. (பத்து நாள் என்றதும் எனக்குத் தானியேல் நினைவுக்கு வந்தார். அவரோ பட்டினி கிடக்கவில்லை, மரக்கறி உண்டார்.) காலைமுதல் பிற்பகல் 3 மணிவரை நாம் இருக்கும் உபவாசம் குடலைக் கழுவிவிடும் என்று எண்ண இடமேயில்லை. ஏசாயா 58ஆம் அதிகாரம் உபவாசத்தைப் பசித்தவனோடு இணைத்தே பேசுகிறது; குடலைப்பற்றி அங்கே ஒன்றுமில்லை.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு லெந்து நாட்களில், நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு உண்ணாமல் வந்த தாயார் ஒருவர் ஜெபத்தின் நடுவே மயங்கி விழுந்தார். சர்க்கரை வெகுவாய்த் தாழ்ந்திருந்தது. உபவாசத்தால் சரீரம் சுகமடையும் என்று அதற்கு முந்தின ஞாயிறு பிரசங்கித்தவன் நானே. அதை அவர் நம்பினார்.

வருகிற வெள்ளிமுதல், உபவாசத்தை முடிக்கும்போது தரும் வெள்ளரிசிக் கஞ்சியில் பாசிப்பயறும் கீரையும் சேர்க்கும்படி பெண்கள் ஐக்கிய சங்கத்தாரைக் கேட்டிருக்கிறேன். பட்டினி கிடந்த அச்சிற்றுயிர்களுக்கு வேண்டியது நார்ச்சத்தே. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே உபவாசியுங்கள். காலையில் உண்டுவிட்டு வருபவர்களும் தயங்காமல் முன்வரிசையில் அமரலாம்.