மகள் வந்து சொன்னால்...



சென்ற மாதம் இப்பகுதியில், இங்குள்ள எமது இளம்பெண்கள் பலரின் கைகளிற் காணப்படும் ஓர் ஆங்கிலக் காதல் நாவலைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். கொலீன் ஹூவர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இற் எண்ட்ஸ் வித் அஸ்’ என்பதே அந்நூல். ‘இது எம்மோடு முடிகிறது’ என அத்தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். நூல் அறிமுகத்துக்கு வாசகர் கடிதம் வருவது அரிது. ஆயினும் இம்முறை எமது மேசை நிறைந்துவிட்டது. ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகும் இரு கடிதங்களை அவற்றுள் தேடிப்பிடிப்பது கடினமாயிருந்தது. எனவே இவ்வாரம் எமது கருத்தைச் சற்றுப் பின்னிறுத்தி, வாசகர் கருத்துகளை முன்வைக்கின்றோம்.

நூலைப் படியாதோருக்காகக் கதையைச் சுருங்கக் கூறுவோம். லில்லி என்னும் இருபத்துமூன்று வயதுப் பெண் பொஸ்ரன் நகரில் வாழ்கிறாள். அவளது தந்தை தாயை அடித்தவர். அவரது இறுதிச் சடங்கில், தந்தையின் நற்குணங்களைப் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்ட லில்லி, எழுந்து நின்று எதுவும் பேசாது இறங்கிவிடுகிறாள். அன்றிரவு ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் றைல் என்னும் இளம் மருத்துவனைச் சந்திக்கிறாள். அவன் மூளை அறுவைச் சிகிச்சையிற் பயிற்சி பெறுபவன், அழகன், அறிவாளி. காதல் மலர்கிறது. லில்லி பூக்கடை ஒன்றைத் தொடங்குகிறாள். பின்னர் ஒருநாள், அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை எடுக்கையில் றைல் கையைச் சுட்டுக்கொள்கிறான். லில்லி சிரித்துவிடுகிறாள். மறுகணம் அவன் கை வீச, அவள் தரையில் விழுகிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான்; அவள் மன்னிக்கிறாள். அடுத்த முறை படிக்கட்டு. அதற்கடுத்த முறை அதனினும் கொடிது. இதற்கிடையில் லில்லி கருவுறுகிறாள். அவளது பதின்ம வயதுக் காதலனும் இப்போது உணவகம் ஒன்றின் உரிமையாளனுமான அற்லஸ் அவளுக்கு அடைக்கலம் தருகிறான். மகள் பிறந்த அன்று லில்லி றைலிடம் மணவிலக்குக் கேட்கிறாள்.

இது வெறுங் கற்பனையன்று. நூலாசிரியர் தமது தாயின் வாழ்வை அடியொற்றியே இதனை எழுதியதாக நூலின் முடிவுரையிற் கூறுகிறார். அவர் சிறு குழந்தையாயிருக்கையிலேயே தாய் தந்தையை விட்டுப் பிரிந்தவர். வியப்பு யாதெனில், நூலை அவர் அத்தாய்க்கு மட்டுமன்றி அத்தந்தைக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார் என்பதே. வாசகர் பிரிந்து நிற்பதற்கான காரணம் அக்காணிக்கைப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

நூல் வெளிவந்து சில ஆண்டுகளின் பின்னரே, டிக்டொக் வழியாக இளையோரிடையே அது பெரும்புகழ் பெற்றது. 2022 இல் இரண்டாம் பாகம் வந்தது. 2023 ஜனவரியில், இந்நாவலை அடியொற்றி வர்ணந்தீட்டும் புத்தகம் ஒன்று வெளிவரும் என அறிவிக்கப்பட்டது. மனைவியை அடிக்கும் கதைக்கு வர்ணம் பூசுவதா என்று வாசகர்கள் கொதித்தெழவே அது கைவிடப்பட்டது. ஆசிரியரும் வருத்தந் தெரிவித்தார். 2024 ஓகஸ்டில் திரைப்படம் வந்தபோதும், பூப்போட்ட ஆடையணிந்து தோழியருடன் வாருங்கள் என்ற பாணியில் அமைந்த விளம்பரம் கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆக, எமது வாசகர்கள் மட்டுமன்றி உலகெங்கும் வாசகர்கள் இந்நூலைப் பற்றிப் பிணங்கியே நிற்கின்றனர்.

இனிக் கடிதங்களுக்கு வருவோம்.

முதற் கடிதம் பேரப்பிள்ளைகளைக் கண்ட ஓர் அம்மாவுடையது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் அவருக்கு மகளே கதையைச் சொல்லியிருக்கிறார். “அந்தப் பெடியன் கெட்டவன் இல்லை” என்கிறார் அவர். சிறுவயதிற் கைத்துப்பாக்கியோடு விளையாடுகையில், தற்செயலாகத் தன் தமையனையே சுட்டுவிட்டவன் றைல். அந்தத் துயரமே அவனைக் கோபக்காரனாக்கியது. வைத்தியம் செய்திருக்கலாம், பொறுத்திருக்கலாம், பிள்ளைக்குத் தகப்பன் வேண்டாமா என்பது அவர் கேள்வி. கடித முடிவில் அவர் எழுதியிருப்பது எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது: “எங்கட ஆண்கள் கண்ட சாவுகளோடு பார்த்தால் இவன் கண்டது எம்மாத்திரம்? நாங்கள் பொறுக்கவில்லையா?”

இரண்டாவது கடிதம் பல்கலைக்கழக மாணவி ஒருவரது. அவருக்கு நூலின் மீதன்றி, அது விற்கப்பட்ட விதத்தின் மீதே சினம். பூக்கள் நிறைந்த அட்டை, காதல் நாவல் என்ற அடைமொழி. உள்ளே இருப்பதோ அடியும் காயமும். பதினான்கு வயதுத் தங்கை காதற்கதை என்று நம்பி அதனை நூலகத்திலிருந்து எடுத்துவந்தாள் என்கிறார். காதலும் வன்முறையும் ஒரே அட்டைக்குள் ஒரே நிறத்தில் அடைக்கப்பட்டால், இரண்டும் ஒன்றே என எண்ணும் பிள்ளைகள் தோன்றமாட்டார்களா என வினவுகிறார்.

மூன்றாவது கடிதத்தை எழுதியவர் ஓர் இளைஞர். றைலின் பால்யத் துயரத்தைக் கதையிற் புகுத்தியதே ஆசிரியர் செய்த பெரும்பிழை என்பது அவர் வாதம். துயருற்றோர் எல்லோரும் கை நீட்டுவதில்லை. றைல் தன்னிடம் சிகிச்சை பெறும் நோயாளியை அடிப்பதில்லை, உடன் பணிபுரிவோரை அடிப்பதில்லை. மனைவியை மட்டுமே அடிக்கிறான். ஆகவே அவனுக்குத் தன்னை அடக்கத் தெரியும், யாரிடம் அடக்கவேண்டும் என்பதும் தெரியும் என்கிறார்.

நான்காவது கடிதம் இரு பிள்ளைகளைத் தனித்து வளர்க்கும் ஒரு சகோதரியிடமிருந்து வந்தது. அற்லஸ் என்ற பாத்திரத்தை அவர் ஏற்கவில்லை. “விட்டுவிட்டு வெளியே வருகிற பெண்ணுக்கு வாசலில் ஒரு நல்லவன் காத்திருப்பது கதையில் மட்டும்தான்” என எழுதுகிறார். லில்லிக்குச் சொந்தக் கடை உண்டு, மொழி தெரியும், வசதியுள்ள தோழி உண்டு, எவரும் நாடுகடத்தமாட்டார்கள். அவள் ஒருமுறைகூடக் காவற்றுறைக்கு அறிவிக்கவில்லை. இறுதியிற் பிள்ளையைத் தந்தையிடம் தனித்து விடவும் செய்கிறாள். இவ்வளவு எளிதாக எவளால் முடிந்தது என்பது அவரது கேள்வி.

குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் இத்தகைய நூலுக்கு இடம் ஏன் என்று கண்டித்த அன்பர்களும் உளர். அவர்களுக்கு எமது பணிவான மறுமொழி ஒன்றே: நூல் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பதைப் பற்றிப் பெற்றோர் பேசாதிருப்பதால் அது இல்லாமற் போய்விடுவதில்லை.

இனி எமது கருத்து.

இலக்கியத் தரம் என்று பார்த்தால், இந்நூலைப் பெரிதும் புகழ்வதற்கில்லை. பூக்கடை நடத்துபவளின் குடும்பப்பெயரே ‘மலர்ச்சி’ என்று பொருள்படும் புளூம் என்பதில் தொடங்கி, வேண்டிய வேளைகளில் அற்லஸ் வந்து நிற்பது வரை, ஆசிரியரின் கை தெரியும் இடங்கள் பல. நான்காவது கடிதம் சொல்வது முற்றிலும் நியாயமே.

ஆயினும் ஒன்றை அவர் திறம்படச் செய்திருக்கிறார். றைலை வாசகர் முதலில் விரும்புமாறு எழுதியிருக்கிறார். முதலடி விழும்போது, ‘இது விபத்து’ என்று லில்லி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். வாசகரும் அவளோடு சேர்ந்து அதனையே சொல்லிக்கொள்கிறார். திரைப்படத்திலும் முதல் நிகழ்வுகள் விபத்துப்போலவே காட்டப்பட்டு, நடந்தது என்ன என்பது பின்னரே தெளிவாகிறது. றைல் கதையில் நுழையும் முதற் காட்சியை நினைவுகூர்வோம். மாடி உச்சிக்கு வரும் அவன் முதலிற் செய்வது அங்கிருந்த ஒரு நாற்காலியைத் திரும்பத் திரும்ப உதைப்பதே. கடிதம் எழுதியோருள் ஒருவர்கூட அந்நாற்காலியைக் குறிப்பிடவில்லை. நாமும் முதல் வாசிப்பில் அதனைக் கடந்துதான் சென்றோம். அடுத்து வந்த அழகான உரையாடலில் அது மறைந்துவிட்டது. ‘இவளுக்கு முன்னமே தெரியாதா?’ என்று எமது சமூகத்தில் எத்தனை பெண்களைக் கேட்டிருக்கிறோம்! எமக்கே தெரியவில்லையே.

முதற் கடிதம் எழுதிய அம்மாவுக்கு நாம் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அவரை நாம் குறைகூறவில்லை. கதாநாயகன் கன்னத்தில் அறைந்தபின் கதாநாயகி அவனைக் காதலிக்கும் தமிழ்ப் படங்களைப் பார்த்தே நாம் எல்லோரும் வளர்ந்தோம். போரும் இடப்பெயர்வும் எமது ஆண்களின் உள்ளத்தைப் புண்படுத்தியதும் உண்மையே. அப்புண்ணுக்கு மருந்து தேடுவதும், மருத்துவரிடம் செல்ல வெட்கப்படாதிருக்க அவர்களுக்குத் துணைநிற்பதும் எமது கடமையே. ஆனால் அந்த அம்மாவின் மகள் தாயின் கடிதத்தின் அடியில் இரண்டு வரிகளைத் தனியாக எழுதி இணைத்திருந்தார்: “அப்பா இருந்த அதே பதுங்குகுழியில்தான் அம்மாவும் இருந்தா. அம்மா ஒருவரையும் அடிக்கவில்லை.” அவ்வரிகளுக்குமேல் நாம் சேர்ப்பதற்கு எதுவுமில்லை.

இந்நூலில் எமக்கு மிகச் சிறந்ததாகப் பட்ட இடம் காதற் காட்சி எதுவுமன்று. கருவுற்ற லில்லி தன் தாயிடம் சென்று நடந்ததைச் சொல்லும் இடமே அது. ஆண்டாண்டு காலம் அடிபட்ட அத்தாய், பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. திருமணமாகும்போது தன் பொறுமைக்கு ஓர் எல்லை இருந்ததாகவும், ஒவ்வொரு முறை மன்னிக்கும்போதும் அவ்வெல்லை சற்றே தள்ளிப்போனதாகவும், இறுதியில் எல்லை எங்கிருந்தது என்பதே மறந்துவிட்டதாகவும் அவர் விளக்குகிறார். நீ என்னைப்போல் ஆகிவிடாதே என்கிறார். றைலின் உடன்பிறந்தவளும் அவ்வாறே. தங்கையாகத் தமையனை மன்னிக்கும்படி கேட்க விரும்புகிறேன், ஆனால் தோழியாக, நீ அவனிடம் திரும்பினால் உன்னோடு பேசமாட்டேன் என்கிறாள். லில்லி வெளியேறக் காரணம் அற்லஸ் அன்று. இவ்விரு பெண்களுமே என்று நாம் கருதுகின்றோம்.

மணவிலக்குக் கேட்கும்போது லில்லி றைலிடம் வைக்கும் கேள்வியும் இதன் தொடர்ச்சியே. இக்குழந்தை வளர்ந்து, தன்னை விரும்புபவன் அடிக்கிறான் என்று உன்னிடம் வந்து சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று கேட்கிறாள். அவனிடம் அதற்கு ஒரே விடைதான் உண்டு. அக்கேள்வியை ஆசிரியர் ஒரு கணவனிடம் கேட்டார். நாம் அதனை எமது வாசகர்களான அம்மாமார், அப்பாமார், அண்ணன்மார் அனைவரிடமும் கேட்க விரும்புகின்றோம். பயணப்பையோடு மகள் வாசலில் நின்றால் முதலில் எதைச் சொல்வோம்? “சனம் என்ன கதைக்கும்” என்றா? “உள்ளே வா பிள்ளை” என்றா?

லில்லிக்கு இல்லாத அச்சம் ஒன்று எமது பெண்களுக்கு உண்டு. அது வதிவிட உரிமை பற்றியது. கனடாவில் 2012 ஒக்ரோபர் முதல் 2017 ஏப்ரல் வரை, துணைவரின் பொறுப்பில் வந்தோருட் பலர் இரண்டாண்டுகள் அத்துணைவருடன் வாழவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. துன்புறுத்தலுக்கு உள்ளானோருக்கு அப்போதே விலக்கு இருந்தது. 2017 இல் அந்நிபந்தனையே நீக்கப்பட்டது. நிரந்தர வதிவிட உரிமை பெற்ற பெண், கணவனைப் பிரிந்த ஒரே காரணத்துக்காக அதனை இழப்பதில்லை. 2019 யூலை முதல், வதிவிட உரிமை இன்னும் கிட்டாத நிலையிற் குடும்ப வன்முறைக்கு ஆளானோர் கட்டணமின்றித் தற்காலிக அனுமதி கோரவும் வழி செய்யப்பட்டது. கணவனோடு சேர்த்து விசாரிக்கப்படும் அகதி விண்ணப்பத்தைத் தனியாகப் பிரிக்குமாறு மனைவி கோரலாம். ஒவ்வொருவர் நிலையும் வேறுபடுமாதலால், சட்ட உதவி நிலையத்தில் தனியே விசாரித்து அறிதல் நன்று. ‘விட்டுவந்தால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பயமுறுத்தலை மட்டும் விசாரியாது நம்பிவிட வேண்டாம்.

நாவல் நல்லதா கெட்டதா என்ற வழக்கை எம்மால் இவ்வாரமும் தீர்க்க முடியவில்லை. தீர்க்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒரே வீட்டில் தாயும் மகளும் ஒரே கதையைப் பற்றி இருவேறு கருத்துக் கொண்டு, அதனை ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்களே, அதற்காகவேனும் இந்நூலுக்கு நன்றி சொல்வோம். தந்தையர் எவரும் இதுவரை எமக்கு எழுதவில்லை. அவர்களது கடிதங்களை ஆவலோடு எதிர்பார்க்கின்றோம். பெயரும் முகவரியும் வேண்டாதோர் அவையின்றியே எழுதலாம். அக்கடிதங்களும் இம்மேசையில் மதிப்போடு வாசிக்கப்படும்.