ரஞ்சன்குடி புகட்டும் பாடம்



திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்தபின் ரஞ்சன்குடிக் கோட்டை தென்படும். ஆர்க்காட்டு நவாபின் ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்பர். பயணத்தினிடையே கஸ்ருத் தொழுகையை நிறைவேற்றியபின், அங்கே சற்று இறங்கிப் பாருங்கள். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு திருமறை பணிப்பது வேடிக்கைக்காக அன்று, படிப்பினைக்காகவேயாகும்.

1751-இல் இக்கோட்டையை அடுத்த வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிபின் படையும் முஹம்மது அலியின் படையும் மோதின. இருவரும் கலிமாச் சொன்னவர்களே. இருவரும் நாடியதோ ஒரே ஆர்க்காட்டு அரியணை. அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. இவருக்கு ஆங்கிலேயர் துணை. மறு ஆண்டே சந்தா சாகிப் கொல்லப்பட்டார். வென்ற முஹம்மது அலியோ ஆங்கிலேயரிடம் பெருங்கடன் பட்டார். 1801-இல் கர்நாடக ஆட்சியே கும்பெனியார் கைக்குப் போயிற்று.

நமக்கு அரியணை இல்லை. ஆயினும் பள்ளிவாசல் நிர்வாகத்திற்காகவும் பாகப்பிரிவினைக்காகவும் ஆண்டாண்டாய் வழக்காடி, இருதரப்பும் இழந்து நிற்போர் நம்மில் இல்லையா? பிணங்கியோரை இணக்கி வைப்பது உபரியான நோன்பு, தொழுகையினும் சிறந்தது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். கோட்டையைக் கண்டு வீடு திரும்புவோர், பேச்சற்றுப்போன சகோதரனுக்கு முதலில் ஸலாம் சொல்லட்டும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்தருள்வானாக! ஆமீன்.