காத்திருக்கும்போது கூட இருப்பவர்



அபத்த நாடகம் என்றதும், 'அதெல்லாம் நமக்குப் புரியாது' என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்தே, அந்த வகையைச் சேர்ந்த, நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' பற்றி எழுதுகிறேன்.

கதை சின்னது. கிராமத்துச் சாலை, ஒரு மரம், சாயங்காலம். விளாதிமிர், எஸ்ட்ராகன் என்ற இரண்டு நாடோடிகள் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். இன்று வரமாட்டார், நாளை வருவார் என்று ஒரு சிறுவன் வந்து சொல்கிறான். மறுநாளும் அதே கதைதான். 1953 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறிய நாளிலிருந்து, கோடோ யார் என்ற விவாதம் ஓயவில்லை.

எனக்கோ அந்த இருவர்தான் முக்கியம். பசிக்கிறது என்ற எஸ்ட்ராகனுக்கு, விளாதிமிர் தன் சட்டைப்பைகளைத் துழாவி மிச்சமிருந்த ஒரே காரட்டைக் கொடுக்கிறான். இரண்டாம் அங்கத்தில் எஸ்ட்ராகன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போக, விளாதிமிர் தன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்துகிறான். பிறகு குளிர் தாங்காமல் கைகளை வீசி வீசி நடக்கிறான். நண்பன் திடுக்கிட்டு எழுந்ததும் ஓடிப்போய் அணைத்துக்கொள்கிறான். பேச்செல்லாம் சண்டை, பிரிந்துபோகலாம் என்ற மிரட்டல். ஆனாலும் பிரிவதில்லை.

பெக்கெட் இந்தக் காத்திருப்பைக் கற்பனையில் மட்டும் கண்டவரல்ல. நாஜிகளை எதிர்த்த ரகசியக் குழுவில் இருந்தவர். 1942இல் குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் துணைவி சுசானுடன் தப்பி, தெற்கு பிரான்ஸின் ரூசியோன் கிராமத்தில் வயல்வேலை செய்தபடி போர் முடியக் காத்திருந்தார்.

காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த நாடகம் பிடிபட்டதில் வியப்பில்லை. 1957இல் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் இதை ஊன்றிப் பார்த்தார்கள். 1993இல் போர் முற்றுகையில் சிக்கிய சரயேவோ நகரில் மின்சாரமில்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுத்தாளர் சூசன் சொன்டாக் இதை மேடையேற்றினார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள்.

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று இந்த நாடகம் சொல்வதில்லை. அர்த்தம் தெரியாத நிலையிலும் பக்கத்தில் இருப்பவரின் பசியையும் குளிரையும் கவனிக்க மனிதனால் முடியும் என்று காட்டுகிறது. அதைவிடப் பெரிய நம்பிக்கை எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலோ, வேலை தேடி அலைந்த நாட்களிலோ உங்களோடு கூடவே காத்திருந்தவர் ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்